20 மாதப் பிள்ளைக்குக் கால் வீக்கம், ஊரில் "கொழுகொழு" என்கிறார்கள். என்ன பால் மாவு அனுப்பலாம்?

யீஷூன்_மாமா – ஞாயிறு, இரவு 9.42

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், என் தங்கச்சி பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். மூத்தவனுக்கு 20 மாதம், இளையவள் பிறந்து இரண்டு மாதம். இன்று காணொளி அழைப்பில் பையனைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, கண் இடுங்கிக் கிடக்கிறது. "பாருங்க தம்பி, உங்க மருமகன் எப்படிக் கொழுகொழுன்னு ஆயிட்டான்" என்று தங்கச்சியின் மாமியாருக்கு ஒரே பெருமை.

எனக்கு என்னவோ இடிக்கிறது. பொங்கலுக்குப் போனபோது அவன் நடக்கப் பழகிய புதுசு, ஓரிடத்தில் நிற்க மாட்டான். இன்று பாயை விட்டு எழவில்லை, பொம்மையைக் காட்டினால் திரும்பவில்லை, ஓயாமல் சிணுங்கல். முகம்தான் உருண்டை, கை குச்சியாக இருக்கிறது. பாதம் புஸ்ஸென்று இருக்கிறது. முடி வேறு செம்பட்டை ஆகிவிட்டது. வெயிலில் விளையாடியதால் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பர் ஒருவர் ஊருக்குப் போகிறார். அவரிடம் நல்ல பால் மாவு நாலு டின் கொடுத்து அனுப்பலாமென்று நினைக்கிறேன். எது நல்லது?

பொங்கோல்_அப்பா – ஞாயிறு, இரவு 10.05

முஸ்தஃபா கடையில் எல்லா வகையும் இருக்கும், 1+ என்று போட்டதை வாங்குங்கள். ஆனாலும் அண்ணே, பிள்ளை ஒல்லியாக இருந்தால் கவலைப்படலாம். உப்பி இருப்பவனுக்கு எதற்குப் பால் மாவு? முடி எங்கள் பையனுக்கும் அப்படித்தான் இருந்தது, மொட்டை போட்டதும் சரியாகிவிட்டது.

செங்காங்_தாதி – ஞாயிறு, இரவு 10.31

யீஷூன் தம்பி, பால் மாவை விடுங்கள். இப்போதே தங்கச்சிக்கு அழைத்து ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். பிள்ளையின் இரண்டு பாதங்களின் மேல்பக்கத்தையும் கட்டை விரலால் மூன்று விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுக்கட்டும். குழி விழுந்து அப்படியே நிற்கிறதா, இரண்டு காலிலும் நிற்கிறதா என்று பார்க்கட்டும்.

அப்புறம் இவற்றுக்கும் பதில் வேண்டும். தாய்ப்பால் எப்போது நின்றது? இப்போது என்ன சாப்பிடுகிறான்? கடைசியாக எப்போது வயிற்றுப்போக்கு, காய்ச்சல்? தோல் எங்கேயாவது கறுத்து உரிகிறதா?

குழந்தைகள் வார்டில் 16 வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கொழுத்த பிள்ளை பாயில் கிடந்து சிணுங்காது.

யீஷூன்_மாமா – திங்கள், காலை 6.50

அக்கா, அழுத்திப் பார்த்தாயிற்று. இரண்டு காலிலும் குழி. காணொளியில் நானே பார்த்தேன், மாவில் விரல் வைத்த மாதிரி நின்றது. தூக்கமே இல்லை.

தாய்ப்பால் 12ஆம் மாதமே நின்றுவிட்டது. மறுபடி உண்டானதும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது, குடிக்கிற பிள்ளைக்கும் மாந்தம் வரும் என்று மாமியார் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதிலிருந்து காலையில் தேநீரில் தோய்த்த பிஸ்கட், மதியம் ரசச் சோறு, இரவு கஞ்சி. பால் உண்டு, ஆனால் ஒரு டம்ளர் பாலுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். முட்டை சூடு, மீன் மந்தம், வாழைப்பழம் சளி. நான் அனுப்பும் பணத்தில் வீட்டுக்கு மேல் மாடி எழும்பியிருக்கிறது.

ஆடியில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு, நடுவில் தட்டம்மை மாதிரி ஏதோ. தொடை இடுக்கில் தோல் உரிகிறதாம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியதற்கு டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எடைகூடப் பார்க்கவில்லை.

செங்காங்_தாதி – திங்கள், காலை 7.15

இன்றே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். குழந்தைகள் பிரிவு இருக்கிற அரசு மருத்துவமனைதான் வேண்டும், கிளினிக் வேண்டாம். இரண்டு காலிலும் குழி விழும் வீக்கம் இருந்தால், எடை எவ்வளவு இருந்தாலும் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலே அதுதான். முகம் வரைக்கும் வீங்கியிருந்தால் உள்நோயாளியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

போகிற வழிக்கு மூன்று விஷயம். பிள்ளையைப் போர்த்தி அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் ஆபத்து. மூன்றாவது ரொம்ப முக்கியம். "ஐயோ பிள்ளை மெலிந்துவிட்டதே" என்று யாரும் முட்டையும் கறியும் நெய்யுமாக ஊட்டித் தள்ளக் கூடாது. டானிக்கில் இரும்புச் சத்து இருந்தால் அதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

பொங்கோல்_அப்பா – திங்கள், காலை 8.20

மன்னிக்கணும் அக்கா, நேற்று தெரியாமல் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று புரியவில்லை. சத்து இல்லாததுதானே நோய்? அப்படியானால் சத்தான சாப்பாடு கொடுத்தால் என்ன கெடுதல்?

செங்காங்_தாதி – திங்கள், மதியம் 1.10 (சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்)

நல்ல கேள்வி. படித்த குடும்பங்களிலும் தப்பு நடக்கிற இடம் இதுதான்.

மாதக்கணக்கில் சத்தில்லாமல் இருந்த உடம்பு, வருமானம் போன வீடு மாதிரி எல்லாச் செலவையும் சுருக்கிக்கொள்ளும். இதயம் மெதுவாக அடிக்கும், கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாம் அரை வேலை பார்க்கும். அந்த நேரத்தில் நிறைய உணவு உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரசையும் பொட்டாசியத்தையும் செல்கள் இழுத்துக்கொள்ளும். உப்புக் கணக்கு தலைகீழாகி இதயமே நின்றுபோகலாம். பசித்த பிள்ளை சாப்பாடு கிடைத்த மூன்றாம் நாள் போய்ச் சேருவது அப்படித்தான்.

அதனால் சிகிச்சை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் எடை ஏற்றுவது நோக்கமே இல்லை. எஃப்-75 என்று ஒரு பால் கலவை உண்டு, 100 மில்லியில் 75 கலோரி, புரதம் ரொம்பக் குறைவு. பால், சர்க்கரை, எண்ணெய், தாது உப்புக் கலவை சேர்ந்தது. இந்தியாவில் பொரியை மாவாக்கிச் சேர்க்கும் முறையும் உண்டு. முகம் வரை வீக்கம் இருந்தால் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிதான் கணக்கு. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து இரண்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுப்பிக் கொடுப்பார்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் உண்டு, ஏனென்றால் காய்ச்சல் வரக்கூடத் தெம்பு இல்லாத உடம்பு அது. ரத்த ஓட்டம் சரிந்துபோகும் அதிர்ச்சி நிலை தவிர மற்ற நேரத்தில் சலைன் ஏற்ற மாட்டார்கள், ஏற்றச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம்.

வீக்கம் வடியத் தொடங்கி, பசி திரும்பி, பிள்ளை தானாகக் கையை நீட்டினால் இரண்டாவது கட்டம். எஃப்-100, 100 மில்லிக்கு 100 கலோரி. அப்புறம் கெட்டியான வீட்டுச் சாப்பாடு. இரும்புச் சத்து அப்போதுதான். தொடக்கத்திலேயே கொடுத்தால் கிருமிக்குத்தான் தீனி.

தோபாயோ_வாத்தியார் – திங்கள், இரவு 8.37

தம்பி, நான் மருத்துவம் படித்தவன் இல்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் அப்பாயி வாயில் வரும் ஒரு சொல்தான் நினைவுக்கு வந்தது. சவலை. தாய் மறுபடி கருவுற்றதும் பால் மறந்து நலிந்துபோகும் பிள்ளைக்குச் சவலைப்பிள்ளை என்று பெயர்.

இதே நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் குவாஷியோர்க்கர் என்று பெயர். அது ஆங்கிலச் சொல் இல்லை. இன்றைய கானா நாட்டில் பேசும் கா மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். ஆக, அந்தத் தாய்மார்களும் நம் அப்பாயிகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே நோய்க்கு ஒரே காரணத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயரை 1935இல் மருத்துவ இதழில் ஏற்றியவர் சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்த பெண் மருத்துவர். அடுத்த ஆண்டே அவரை மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள். சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். இங்கே அவர் பார்த்தது வேறொரு கூத்து. நல்ல தாய்ப்பால் இருக்கும்போதே, டின்னில் வரும் இனிப்பான கெட்டிப்பால் குழந்தைக்கு உகந்தது என்று விளம்பரம் செய்து, ஏழைத் தாய்மாரிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசினார். தவறான பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்று, கோட்டுப் போட்ட கனவான்கள் முகத்துக்கு நேரே சொன்னார்.

ஜப்பானியர் காலத்தில் அவரும் சாங்கிச் சிறையில் கிடந்தார். முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் எழுதினார். நானே சாங்கிப் பக்கம் எத்தனையோ முறை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன், இது தெரியாமல்.

அங்மோகியோ_ராஜி – திங்கள், இரவு 9.15

ஐயா, இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? 2017இல் போட்டித்தன்மை ஆணையம் அறிக்கை விட்டதே, பத்தாண்டில் பால் மாவு விலை 120 விழுக்காடு ஏறிவிட்டதென்று. மூளை வளரும், கண் தெரியும் என்று டின்னில் படம் போட்டு நம் பயத்தை விற்கிறார்கள்.

உட்லண்ட்ஸ்_செல்வம் – திங்கள், இரவு 11.02

கேட்டால் கோபப்படாதீர்கள். தமிழ்நாட்டில் அங்கன்வாடி இருக்கிறது, சத்துணவு இருக்கிறது, எம்ஜிஆர் 1982இல் தொடங்கியது. மாடி கட்டுகிற வீட்டில் பிள்ளைக்குச் சத்துக் குறைவு என்றால் அது அலட்சியம்தானே? வறுமை என்று எப்படிச் சொல்வது?

செங்காங்_தாதி – செவ்வாய், காலை 6.40

செல்வம் தம்பி, யாரும் வறுமை என்று சொல்லவில்லை. அலட்சியம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த மாமியார் பேரனைப் பட்டினி போடவில்லை, தனக்குத் தெரிந்த பத்தியத்தைப் பார்த்திருக்கிறார்.

பள்ளிச் சத்துணவு வரும்போது பிள்ளைக்கு ஐந்து வயது. சேதம் நடப்பது கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லை. அத்தனை வீட்டிலுமா அரிசி இல்லை?

ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. அதே சமயம் பிள்ளையின் வயிறோ சின்னக் கிண்ணம். அதில் தண்ணீர்க் கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ வேண்டும், பருப்போ முட்டையோ மீனோ தினமும் வேண்டும். அடுத்தது நோய். ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் பசி போகும், தின்றதும் ஒட்டாது, எடை இறங்கும். இறங்கிய உடம்புக்கு அடுத்த நோய் சீக்கிரம் வரும். நடுவில் நாலு நாள் வெறும் கஞ்சித்தண்ணீர்ப் பத்தியம் போட்டால் கேட்கவே வேண்டாம். சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, தாயின் உடம்பு, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி, இதெல்லாமும் சாப்பாட்டுக் கணக்குத்தான்.

குவாஷியோர்க்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் குறைந்ததால் மட்டும் வீக்கம் வருகிறது என்றுதான் நெடுநாள் பாடம். ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று வீங்கும், மற்றது எலும்பும் தோலுமாகக் கிழவன் முகத்தோடு வற்றும். குடல் கிருமிகள், தொற்று எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டென்று இப்போது பார்க்கிறார்கள்.

அங்மோகியோ_ராஜி – செவ்வாய், இரவு 9.50

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். சிங்கப்பூரில் இதெல்லாம் வராது என்று நினைத்தவள் நான். என் மகளுக்கு 22 மாதம். சோறு தொடமாட்டாள், பால் புட்டி ஒரு நாளைக்கு ஐந்து, மொத்தம் 1.2 லிட்டர். எடை நன்றாகவே இருக்கும், பாலர் பள்ளியில் எல்லாரும் கொஞ்சுவார்கள். தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் போனபோது தாதி கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.9, ரத்தச்சோகை. அவள் மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் நக்கியது சேட்டை என்று நினைத்து அடித்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

செங்காங்_தாதி – செவ்வாய், இரவு 10.20

விலகலே இல்லை ராஜி. அதுவும் சத்துக் குறைவுதான், குண்டுப் பிள்ளைக்கும் வரும். பசும்பாலில் இரும்பு அநேகமாக இல்லை, அளவு மீறினால் சோற்றுக்கு வயிற்றில் இடமும் இருக்காது. ஒரு வயதுக்கு மேல் எந்தப் பாலானாலும் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள், புட்டியை விட்டுக் குவளைக்கு மாற்றுங்கள். இரும்புச் சொட்டு மருந்தைப் பாலோடு கலக்காதீர்கள், ஆரஞ்சுச் சாறோடு கொடுக்கலாம். நெத்திலிக் கஞ்சி, கோழி ஈரல் கொஞ்சம், கீரையில் எலுமிச்சை. முதல் வாரம் வீடே அதிரும், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

யீஷூன்_மாமா – வியாழன், இரவு 11.30

சேர்த்து மூன்று நாள் ஆகிறது. சேர்க்கும்போது எடை 8.6 கிலோ, கை நடுச் சுற்றளவு 11.8 செ.மீ. அக்கா சொன்ன மாதிரியே எஃப்-75, இரண்டு மணிக்கு ஒருமுறை 70 மில்லி. இன்று எடை 8.1. ஆஸ்பத்திரியில் பட்டினி போடுகிறார்கள், பிள்ளை அரைக் கிலோ குறைந்துவிட்டான், கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்று மச்சான் நிற்கிறார். மாமியார் தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப்போடு வாசலில்.

செங்காங்_தாதி – வியாழன், இரவு 11.34

கூட்டிப்போக விடாதீர்கள்! குறைந்தது சதை இல்லை, வீக்கத்தில் இருந்த தண்ணீர். இந்த நோயில் முதலில் எடை குறைந்தால்தான் குணமாகிறதென்று அர்த்தம். இப்போதே மச்சானுக்கு அழையுங்கள்.

தோபாயோ_வாத்தியார் – வியாழன், இரவு 11.50

தம்பி, மாமியாரிடமும் பேசுங்கள். திட்டாதீர்கள். "அம்மா, இது சவலை. நீங்கள் அறியாததா?" என்று தொடங்குங்கள். சொல் தெரிந்தால் மனம் இளகும். சூப்பைத் தங்கச்சி குடிக்கட்டுமே, அவளும் பால் கொடுக்கிறவள்தானே.

யீஷூன்_மாமா – ஞாயிறு, இரவு 8.15

வாத்தியார் ஐயா, உங்களுக்குக் கும்பிடு. சவலை என்றதும் அந்தம்மா அழுதுவிட்டார். அவர் கொழுந்தன் ஒருவர் சின்ன வயதில் அப்படித்தான் போனாராம். இப்போது அவரே ராத்திரியில் மணி பார்த்து எழுந்து பால் கொடுக்கிறார்.

எடை 7.8 வரை இறங்கியது. நேற்றிலிருந்து எஃப்-100. இன்று மதியம் டம்ளரை அவனே பிடுங்கிக் குடித்தானாம். முகம் வடிந்ததும்தான் தெரிகிறது, பிள்ளை எவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று. பார்க்கவே முடியவில்லை.

செங்காங்_தாதி – ஞாயிறு, இரவு 9.05

இனிமேல்தான் ஏறும். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் ஏறினால் நல்ல ஏற்றம், உங்கள் பையனுக்குத் தினம் 80 கிராம் அளவில். வீட்டுக்கு அனுப்பிய பிறகு தையற்கார இஞ்ச் டேப் ஒன்றால், இடது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், வாரம் ஒருமுறை அளக்கட்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி, 12.5 செ.மீ. தாண்டினால் மூச்சு விடலாம். அங்கன்வாடிச் சத்துமாவைத் தண்ணீராகக் கரைக்காமல் களி பதத்தில் கிண்டி, எண்ணெய் விட்டுக் கொடுக்கட்டும். அவனோடு விளையாடுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தங்கச்சிக்கு ரத்தம் பார்த்தார்களா?

பொங்கோல்_அப்பா – ஞாயிறு, இரவு 9.20

அண்ணே, வெள்ளிக்கிழமை அந்த நாலு டின்னை அனுப்பினீர்களா?

யீஷூன்_மாமா – ஞாயிறு, இரவு 9.31

இல்லை. அந்தக் காசை ஊரில் முட்டைக்கடைக்காரரிடம் போட்டுவிட்டேன். வாரம் 14 முட்டை வீட்டுக்குப் போகும், பையனுக்கு ஏழு, தங்கச்சிக்கு ஏழு.

தாதி அக்கா, ரத்தம் பார்த்ததாகச் சொல்லவில்லை. நாளை கேட்கிறேன்.

யீஷூன்_மாமா – திங்கள், இரவு 7.48

பார்த்தார்கள். தங்கச்சிக்கு ஹீமோகுளோபின் 8.1. பிரசவத்துக்கு முன்னால் கொடுத்த இரும்பு மாத்திரை எல்லாம் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறதாம். போட்டால் மலம் கறுக்கிறதென்று பயந்து நிறுத்திவிட்டாளாம்.

செங்காங்_தாதி – திங்கள், இரவு 8.02

கறுக்கத்தான் செய்யும், ஒன்றும் இல்லை. பழைய மாத்திரையைத் தூரப்போட்டுவிட்டு அங்கேயே புதிதாக வாங்கச் சொல்லுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், தேநீரோடு வேண்டாம். இளையவளின் எடையையும் நாளைக்கே போட்டுப் பார்க்கட்டும்.